சித்திரை வீதியைத் தாண்டிய கல்

மாடிப் போர்ஷனுக்கு டீச்சர் குடிவந்த வருஷம்தான் அந்தக் கல்லும் வந்தது. இரண்டில் எது முதலில் தொலையும் என்று நான் காத்திருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வீடு. டீச்சர் சமயபுரம் பக்கத்துப் பெண், ஸ்கூலில் கணக்கு எடுப்பவள், கல்யாணம் ஆகாதவள். என் வீட்டுக்காரருக்குப் பாலக்கரையில் ஒரு அரிசி மண்டியில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் என்னிடம் பேச அவருக்கு இருந்தது காபியில் சர்க்கரை, குழம்பில் உப்பு, அவ்வளவுதான். அறுபத்தெட்டு ஜூன் மாசம், வானத்துக் கல் ஒன்று பூமிக்குப் பக்கத்தில் வருகிறது, முட்டினாலும் முட்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. அன்றிலிருந்து மனுஷனுக்கு வாய் மூடவில்லை. பேச்செல்லாம் டீச்சரோடு. அவள் ஸ்கூல் விட்டு வந்ததும், "டீச்சர், இன்னைக்குப் பேப்பர் பாத்தீங்களா?" என்று கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போடுவார். எனக்கு ஒரு நாளாவது நாற்காலி இழுத்துப் போட்ட கையா அது? இரண்டு பேருக்கும் காபி கொண்டுபோய் வைக்கிறவளும் நானேதான்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அப்படி என்னங்க தினமும் பேசுறீங்க?"

"கல்லைப் பத்தி. உனக்குப் புரியாது."

சரி, என்னதான் புரியாமல் போகிறதென்று பார்ப்போமே. கதவோரம் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்தபடி காதைக் கொடுத்தேன். கல் சின்னது, குறுக்கே ஒரு மைல் இருந்தால் அதிகம். ஆனால் மற்றதெல்லாம் ஒழுங்காகத் தன் தன் வழியில் சுற்ற, இது மட்டும் எல்லார் வழியிலும் குறுக்கே விழுந்து போகிறது. புதனுக்கும் உள்ளே, சூரியன் பக்கத்தில் போய்ப் பழுக்கக் காய்ந்து, திரும்பிச் செவ்வாய்க்கும் வெளியே ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு வருஷமும் கொஞ்சமும். இத்தனை கிட்டத்தில் மறுபடி வர இன்னும் பத்தொன்பது வருஷம் ஆகும். பாதை சாய்ந்த பாதை என்றாள் டீச்சர். இவர், "சாய்ஞ்சுன்னா எப்படி?" என்றார். சொன்னாள். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கும் அடுத்த நாள் கேட்டபோது, இவருக்குப் புரியவில்லையா, அவள் பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று கேட்கிறாரா என்று யோசித்ததில் முறத்து அரிசி பாதி தரைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் நீர் தெளித்துக் கோலமாவை எடுத்தேன். நடுவில் பெருமாள் சன்னிதி, அது சூரியன். உள் பிரகாரம் புதன், உத்தர வீதி சுக்கிரன், சித்திரை வீதி பூமி, எங்கள் அடையவளஞ்சான் செவ்வாய். பிறகு ஒரு நீள ஈர்க்கை வளையமாக வளைத்து, சன்னிதியை ஒட்டி உள்ளே போய் எங்கள் வீதிக்கும் வெளியே வரும்படி வைத்து, ஒரு பக்கம் மண்ணில் செருகி, ஒரு பக்கம் தூக்கிவிட்டேன். சித்திரை வீதியை அது தாண்டுகிற இடத்துக்கு இரண்டு வீடு தள்ளிப் பூமிக்கு ஒரு புளியங்கொட்டை.

பஸ்ஸிலிருந்து வந்தவர் செருப்போடு அப்படியே நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பார்ப்பார் என்று நிமிர்ந்தேன். அவர் மாடியைப் பார்த்து, "டீச்சர், சீக்கிரம் இறங்கி வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று குரல் கொடுத்தார். அந்தக் கோலமாவை அவர் தலையில் கொட்டாமல் விட்டது என் பொறுமை.

டீச்சர் வந்தாள். அவரைத் தாண்டி வந்து என் பக்கத்தில் குந்தினாள். "நீங்க போட்டதாக்கா? எனக்கு இத்தனை நாளா இப்படிச் சொல்லத் தோணலையே. தட்டையா நினைச்சுக்கிறதாலதான் எல்லாரும் முட்டும்னு பயப்படுறாங்க."

"ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே முக்குக்கு வந்தாத்தானே முட்டும்?" என்றேன்.

"அதேதான்க்கா."

பேசினோம். விளக்கு வைக்கிற நேரமும் தாண்டிப்போனது. அவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். இருமினார். காபி வேண்டும் என்றார். டிகாக்‌ஷன் இறங்கியிருக்கு, பாலைச் சுட வச்சுக் கலந்துக்குங்க என்றேன். மறுநாள் டீச்சர் கூடத்து நாற்காலியில் உட்காராமல் நேரே அடுப்படிக்கு வந்தாள். அதற்கு மறுநாளும்.

அன்று சாப்பிட உட்கார்ந்தவர் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார். "அப்படி என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?"

மோர் ஊற்றிக்கொண்டே சொன்னேன். "கல்லைப் பத்தி. உங்களுக்குப் புரியாது."