காதர் பாயும் எனக்கு மட்டும் அடித்த மீன் வாடையும்

கைப்பேசியில் ‘காதர் பாய் எலக்ட்ரீஷியன்’ என்று பெயர் வந்ததும், காலையில் நான் கூப்பிட்டதற்குத் திருப்பிக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன். எடுத்தவுடன் பேச ஆரம்பித்துவிட்டேன். “பாய், மாடி ஃபேன் ரெகுலேட்டர் சுத்த மாட்டேங்குது. எப்ப வர்றீங்க?”

மறுமுனையில் ஒரு பெண் குரல். “டீச்சர், நான் அவர் பொண்ணு ஷமீம் பேசறேன். அத்தா மவுத்தாயிட்டாங்க. நேத்து அடக்கம் பண்ணிட்டோம்.”

காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. “சரிம்மா, அப்ப நாளைக்கு வருவாரா?” என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. “அத்தா இல்ல டீச்சர்” என்று இன்னொரு முறை சொன்னாள்.

குருசுக்குப்பத்தில் கடல் பக்கம் குடியிருப்பவர்கள் பலருக்கு அவரைத் தெரியும். நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, சட்டைப் பையில் டெஸ்டர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு “மெயின் எங்க?” என்று கேட்டுக்கொண்டே வரும் நடை. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழெட்டு முறை வீட்டுக்கு வந்து போனவர், அவ்வளவுதான். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரியாமல் போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கோணலாக வந்தது. காபி கொதித்தால் ரப்பர் எரிவது போல இருக்கும். இல்லாத வாடைகூட அடிக்கலாம், போகப்போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்த நாட்களில்தான் வீட்டுக்குள் மீன் வாடை அடிக்கத் தொடங்கியது. கெட்டுப்போன மீனைத் தணலில் காட்டியது போன்ற நாற்றம்.

“கடலோரத்துல மீன் வாடை அடிக்காம மல்லியப்பூவா மணக்கும்? சன்னலைச் சாத்து” என்றார் கணவர். சாத்தினேன். போகவில்லை. “அப்ப ரிப்பேர் உன் மூக்குலதான்” என்றார். இருபது வருடமாக மூக்குப்பொடி போட்டு மோப்பம் மங்கிப்போனவர் அவர். அது அப்போது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. சென்னையிலிருந்து மகள், “இன்னொரு டாக்டரப் பாரும்மா” என்றாள். எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. வாடை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்துவிடப் பழகினேன்.

சமையலறை டியூப்லைட் மாற்ற வந்த காதர் பாயிடம் இதை ஒரு வேடிக்கை போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்து மோந்து பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். உங்களுக்கு எப்ப அடிக்குது?”

“காலையில.”

“எந்த எடத்துல?”

“பாத்ரூமுக்கு வெளிய, நடையில.”

“காலையில என்னென்ன போடுவீங்க?”

மோட்டார், மிக்சி, ஹீட்டர் என்று சொன்னேன். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஹீட்டர் ஓடிப் பத்து நிமிடம் ஆனதும், நடையிலிருந்த அதன் ஸ்விட்ச் பலகை மேல் புறங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். “நீங்க தொடாதீங்க.”

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பலகையைக் கழற்றினார். ஸ்விட்சின் பின்பக்கம் உருகி வழிந்திருந்தது. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. அதன் மேலுறை கருகி, தொட்டதும் உதிர்ந்தது.

“உப்புக் காத்து உள்ள போயி ஸ்க்ரூவை அரிச்சிருக்கு. கம்பியைப் புடிக்கிற புடி தளந்துபோச்சு. தளந்த எடத்துல சூடேறும். இந்தப் பிளாஸ்டிக் வேவறப்ப மீன் மாதிரிதான் நாறும். இப்படியே விட்டிருந்தா நெருப்பு புடிச்சிருக்கும் டீச்சர்.”

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் எங்கள் கட்டில். நான் அழுதுவிட்டேன். பயத்தில் அல்ல. அந்த வாடை உண்மையாகவே இருந்திருக்கிறது என்பதால். அது புரியாமல், “அழாதீங்க டீச்சர், ஒரு ஸ்விட்ச்தான, மாத்திடலாம்” என்று அவர் பதறினார். கருகிய கம்பியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை சீவி, புது ஸ்விட்சில் முறுக்கினார்.

கதை அங்கே முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து அதே வாடை மறுபடியும் வந்தது. கூப்பிட்டேன், வந்தார். அரை நாள் செலவழித்து வீட்டிலிருந்த எல்லாப் பலகைகளையும் கழற்றினார். எல்லாம் சுத்தமாக இருந்தன. எனக்குத் தலை நிமிரவில்லை.

“இன்னிக்கு எனக்கு ஒண்ணும் கெடைக்கல” என்றார். “அதுக்காக இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“என் மூக்குதான் கெட்டுப்போச்சோ பாய்?”

“இருக்கலாம். அதுக்காகக் கூப்பிடாம இருந்துடாதீங்க.”

அன்று அடித்தது என்ன வாடை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஷமீம் ஃபோனில் சொன்னதற்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மூணு நாளா கை மரத்துப்போன மாதிரி மதமதங்குதுன்னு சொன்னாரு. கரண்டுல வேலை செய்யற கை அப்படித்தான் இருக்கும்னு நான்தான் சொன்னேன். அப்புறம் நெஞ்சு வலின்னு விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இருந்திருப்பாரா டீச்சர்?” என்றார்.

இருந்திருப்பார் என்று சொன்னால் அந்த அம்மாள் எப்படித் தாங்குவார்? இல்லை என்று சொல்ல நான் யார்? “தெரியலம்மா” என்றேன். பிறகு, ஏனென்று தெரியாமலே, “எந்தக் கை? மொதல்ல எப்ப சொன்னாரு?” என்று கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். இடது கை. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது. திங்கட்கிழமை ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அதிலிருந்து பாய் சிரித்தது, ஷமீமைத் திட்டியது, டீயில் சர்க்கரை போதவில்லை என்றது என்று மூன்று நாட்களையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. நான் எதற்கும் விளக்கம் சொல்லவில்லை. எழுந்தபோது, “வந்தவங்க எல்லாம் அல்லா நாட்டம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் கேட்டீங்க” என்றார். அது அவருக்கு ஆறுதலா, கூடுதல் வேதனையா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

காதர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது என்னிடம் வந்து எனக்குத் தெரியாத ஒரு வலியையோ வாடையையோ சொன்னால், உனக்கு மனப்பிரமை என்று சொல்ல வாய் வருவதில்லை. “எப்ப?” என்று கேட்கிறேன். பதிலைக் கேட்ட பிறகு என்ன செய்வதென்று பெரும்பாலும் எனக்குத் தெரிவதில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.