நாலு பேர் சாப்பாடு

சிக்கனத்தில் என் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சந்தை கலைகிற நேரம் பார்த்துத்தான் போவாள். கனிந்துபோன தக்காளியைப் பாதி விலைக்கு வாங்கி, கெட்டதை நறுக்கி எறிந்துவிட்டு நல்லதைச் சமைப்பாள். முள்ளங்கி வாங்கினால் அதன் இலைகூடக் குப்பைக்குப் போகாது. தினம் கீரை, முளைகட்டிய பயறு, ஆளுக்கொரு முட்டை. மாமாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. அவருடைய அம்மா மாடிப்படி ஏறுகிறார். பிள்ளைகள் இரண்டுக்கும் சளி, காய்ச்சல் என்று ஒன்றும் கிடையாது. இந்த விலைவாசியில் எப்படி முடிகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கேட்பார்கள். நாலு பேருக்குச் சமைப்பது பெரிய வித்தையா என்பாள். நாலு பேர் மெச்சுகிற குடும்பம் என்று நானும் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அக்காவுக்குத் துணிக்கடையில் வேலை. வருகிறவர்கள் கலைத்துப் போடுவதை நாள் முழுக்க நின்றபடி மடித்து அடுக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை, கையில் இருந்த துணியோடு அப்படியே சரிந்துவிட்டாள். மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பரிசோதித்த டாக்டரம்மா, உடம்பில் ரத்தமே இல்லையே என்றார். நேற்று என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். அக்கா கீரை, பயறு, முட்டை என்று பெருமையாக ஒப்பித்தாள்.

"அது நீங்க சமைச்சது. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"சட்டியில ஒட்டியிருந்ததைப் போட்டு... கொஞ்சம் சோறு."

அப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன். மாமா, அவர் அம்மா, பிள்ளைகள் இரண்டு. பத்து வருஷமாக அக்கா சொல்லிவந்த நாலு பேரில் அக்கா இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் சொல்லிவிடாதே, மாமா பயந்துவிடுவார் என்று வழிநெடுகக் கெஞ்சினாள். நான் வழியில் ஒரு கடையில் நின்று ஐந்து முட்டை வாங்கிக் கொடுத்தேன்.

பொழுது சாய்ந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவித்த முட்டைகளை மாமா பார்த்தார்.

"அஞ்சு இருக்கே. யாராவது வர்றாங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் என் வயிற்றெரிச்சல். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"தம்பி வந்திருக்கான்ல."

ஐந்தாவதை எடுத்து என் தட்டில் வைத்தாள். நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் தின்றேன்.