அவருடைய விடுப்பு முடிவதில்லை

முதலில் அதைப் பெரிய மார்க்கெட்டில், மீன் கடைகளுக்கு நடுவில்தான் பார்த்தேன். வஞ்சிரத்தைத் துண்டு போடச் சொல்லிவிட்டுத் திரும்பினால், என் கணவர் லூயி பையைப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் நிற்கிறார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வாய் மட்டும் சப்புக்கொட்டுவதுபோல அசைந்தது. வலது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

அதற்குச் சற்று முன்புதான், "டீசல் கருகுற நாத்தம் அடிக்குது" என்றார். "மீன் மார்க்கெட்டுக்கு வந்துட்டு டீசல் நாத்தமாம்" என்று நான் கிண்டல் செய்திருந்தேன்.

மீன்காரம்மா கத்தியை நிறுத்தினாள். "இன்னாம்மா, சாரு நின்னுக்கினே தூங்குறாரு?"

"மிலிட்டரில இருந்தவரு. நீ மீனை வெட்டு" என்றேன்.

யாரும் இடித்துவிடாதபடி அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். பெருமூச்சு விட்டார், "போலாமா?" என்றார். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் பெருமை. என் புருஷனை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்ற பெருமை. அந்த மடத்தனத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் நின்றுகொண்டிருக்கலாம்.

நாங்கள் 'சொல்தா' குடும்பம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் விமானம் ஏறிப் போய்ப் பட்டாளத்தில் சேர்வார்கள். என் மாமனார் அப்படிப் போனார், பிறகு லூயி போனார். நான் முத்தியால்பேட்டையில் மாமியாரோடு இருந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை முப்பது நாள் 'கொஞ்சே'யில் (விடுப்பு) வருவார். தினம் கிழிக்கிற காலண்டரில் முதல் பதினைந்து தாளைச் சந்தோஷமாகக் கிழிப்பேன். அதற்கப்புறம் அந்தச் சுவர்ப்பக்கமே போகமாட்டேன்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே மாமியார் என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "போன எடத்தப் பத்தி ஒன்னும் கேக்காத. எங்கியாச்சும் பாத்துக்கினு குந்தியிருந்தா கூப்புடாத. அங்க போயிருக்காருன்னு அர்த்தம். தானா வந்துடுவாரு."

இது எங்கள் வீட்டுச் சட்டம் மட்டுமல்ல. எங்கள் தெருவில் சொல்தா வீடு எதுவானாலும் இதுதான் மரியாதை. மனிதர் அப்படி உட்கார்ந்துவிட்டால் டி.வி. சத்தத்தைக் குறைப்போம், பிள்ளைகளை வெளியே அனுப்புவோம், கால் சத்தம் கேட்காமல் நடப்போம். வேறு வீடாக இருந்தால் தோளைப் பிடித்து உலுக்கி, "இன்னாய்யா ஆச்சு உனக்கு?" என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் நாகரிகமானவர்கள் அல்லவா, கேட்கவில்லை.

மாலி நாட்டுப் பாலைவனத்துக்கு அவரை அனுப்பும் முன் அரசாங்கம் எல்லாவற்றையும் தயார் செய்தது. ஊசிகள் போட்டார்கள். செத்துப்போனால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த ஊரில் அடக்கம் என்றெல்லாம் எழுதி வாங்கினார்கள். ஒரு தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். சாவுக்கு அத்தனை ஏற்பாடு. உயிரோடு திரும்பி வந்தால் வீட்டிலிருப்பவள் எதைக் கவனிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்ததா, எனக்குத் தெரியாது. இருந்தாலும் பிரெஞ்சில் இருந்திருக்கும். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பேன்.

அங்கிருந்து நேராகக் கொஞ்சேயில் வந்தார். எங்கள் மகள் நடாலிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை (குழந்தைகள் முதல்முறையாக நற்கருணை வாங்கும் விழா). வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவத்தி என்று அவள் தேவதை மாதிரி நின்றாள். இந்த மனிதர் மட்டும் கோயிலுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். "சினிமா நடிகருன்னு நெனப்பா? கழட்டித் தொலைங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கழற்றவில்லை. அந்தப் போட்டோ இன்னும் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

சில வருஷம் கழித்து வேலை முடிந்து ஊரோடு வந்துவிட்டார். மார்க்கெட்டில் நான் பார்த்தது அதற்கப்புறம். பிறகு அது மாதம் ஒரு தடவை, வாரம் ஒரு தடவை என்று வந்தது. வந்து போன பிறகு அரைமணி நேரம் மந்தமாக இருப்பார். சொன்னதையே சொல்வார். தலைவலி என்று அறையை இருட்டாக்கிக்கொண்டு படுப்பார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுவார்.

நடாலி ஒருநாள் ஓடி வந்தாள். "அம்மா, அப்பா வாய் அசையுது பாரு. கூப்புட்டா திரும்பவே மாட்டேங்குறாரு."

"கத்தாத. வெளிய போய் வெளையாடு" என்றேன்.

எத்தனையோ பேச்சு மறந்துவிட்டது. இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

ஒருமுறை, "டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எனக்கென்ன, கையா போச்சு காலா போச்சு?" என்றார். எதிர் வீட்டில், சண்டையில் ஒரு காலை இழந்த பெரியவர் இருக்கிறார். நவம்பரில் கடற்கரைப் போர் நினைவிடத்தில் மாலை வைக்கும்போது அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். லூயி பின்னால் நின்றுகொண்டிருப்பார். காயம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கண்ணில் தெரிய வேண்டும்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்த பிறகு. நான் அடுப்படியில் இருந்தேன். "டீசல் கருகுது ரோஸ்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஒன்னும் கருகல, பேசாம பேப்பர படிங்க" என்றேன். தொப்பென்று சத்தம் கேட்டது.

ஓடிப் போனேன். உடம்பு வில்லாக வளைந்து வெட்டிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருவர் லூயியின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் இரும்புக் கரண்டி கொண்டுவந்தார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரும்பால் எந்த வலிப்பும் நிற்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் சாவி தேடிய நேரமெல்லாம் அவர் மூளை எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் வெட்டு நிற்கவில்லை. தொடர் வலிப்பு (இடைவெளியே இல்லாமல் நீடித்து மூளையைச் சேதப்படுத்தும் வலிப்பு) என்றார்கள். மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

நரம்பியல் டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நடைபாதை பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

"முன்னாடி தலையில அடி ஏதாவது பட்டிருக்காம்மா?"

"இல்ல."

"ராணுவத்துல இருந்தப்ப பக்கத்துல ஏதாவது வெடிச்சிருக்கா?"

"தெரியாது டாக்டரம்மா."

"அவரு சொன்னதில்லையா?"

"நான் கேட்டதில்ல."

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. லூயி நின்றபடி உறைந்துபோவதையும் வாய் அசைவதையும் பொத்தான் திருகுவதையும் நடித்துக் காட்டினேன். டீசல் நாற்றத்தையும் சொன்னேன்.

"அதெல்லாமே வலிப்புதாம்மா" என்றார். மூளையின் ஒரு மூலையில் மட்டும் தோன்றுகிற வலிப்பு. கை கால் வெட்டாது, ஆள் மட்டும் சற்று நேரம் இல்லாமல் போய்விடுவார். அந்த நாற்றம் அதன் முன்னறிகுறி. ஸ்கேனில் நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. எப்போதோ அங்கே ரத்தம் கசிந்து ஆறியிருக்கிறது. ஈ.ஈ.ஜி.யிலும் (மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) அதே இடத்தில்தான் கோளாறு.

"அப்பவே கூட்டியாந்திருந்தா?"

"பெரும்பாலும் மாத்திரையிலயே கட்டுப்படுத்தியிருக்கலாம்."

பொய் சொல்லாததற்காக இன்றைக்கு அவருக்கு நன்றி சொல்கிறேன். அன்றைக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷமாக லூயி 'அங்கே' போய் வருகிறார் என்று நான் வழிவிட்டு நின்றேனே, அவர் எங்கேயும் போகவில்லை. என் கண்ணெதிரே, என் வீட்டில், நோயில் நின்றிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் கண் விழித்தார். "ரோஸ், ஏன் இப்பிடி எளச்சுப் போயிட்ட?" என்றார். என்னைத் தெரிகிறது! நான் அழுத அழுகையில் நர்சு ஓடி வந்துவிட்டாள். அடுத்ததாக அவர் கேட்டார், "நடாலி இஸ்கூல் விட்டு வந்துட்டாளா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நடாலி நின்றுகொண்டிருந்தாள். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து, "இன்னும் வரலப்பா" என்றாள்.

கடைசிப் பல வருஷங்கள் அழிந்துவிட்டன. புதிதாக எதுவும் பதிவதுமில்லை. நினைவைப் பதிய வைக்கிற பகுதி இரண்டு பக்கமும் சேதமாகிவிட்டது என்றார் டாக்டர். வலிப்பு நின்றுவிட்டது. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை. நடக்கிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார். காகிதத்தில் இதற்குப் பெயர் குணம்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே பரணைப் பார்த்துக்கொண்டு, "என் பை எங்க? கொஞ்சே இன்னும் எத்தினி நாளு பாக்கி?" என்றார்.

"நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாம எவன் ரிட்டையர் பண்ணான்?" என்று துடித்துப்போனார். கால்மணி நேரத்தில் அதுவும் மறந்தது. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன், மறுபடி துடித்தார். ஒரு வாரம் இந்தக் கொடுமையைச் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

நடாலியை, தன் மகளுடைய டீச்சர் என்று நினைக்கிறார். "வாங்க மேடம், பொண்ணு எப்பிடிப் படிக்கிறா?" என்பார். "நல்லா படிக்கிறா சார்" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் நானும் அவரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மாமியார் இல்லை, மரியாதை பார்த்துப் பார்த்துப் பாதுகாத்த மனிதரும் பாதிக்கு மேல் இல்லை. இனி என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். "அங்க இன்னாங்க நடந்துச்சு?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "நீ கேக்கவே மாட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

சொன்னார். ஒரு நாள் வண்டியில் அவர் உட்கார வேண்டிய இடத்தில் கூட வேலை பார்த்த பிரெஞ்சுக்காரன் உட்கார்ந்தான். வெயில் அந்தப் பக்கம் குறைச்சலாம், இவர்தான் விட்டுக்கொடுத்தார். சக்கரம் கண்ணிவெடி மேல் ஏறியது. அவன் போய்விட்டான். அவனுக்கும் ஒரு பெண் குழந்தை. இவர் தலை வண்டிக் கூரையின் இரும்பில் மோதிக் காதிலிருந்து ரத்தம் வந்தது. சுற்றிலும் டீசல் எரிந்தது.

"பட்டாளத்து டாக்டரு கேட்டாரு. ஒன்னுமில்லன்னுட்டேன்."

"ஏங்க? ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"சொன்னா ஆஸ்பத்திரில படுக்க வெச்சிடுவாங்க. கொஞ்சே போயிடும். புள்ளைக்குப் புதுநன்ம இருக்குதே ரோஸ். நான் இல்லாமயா?"

குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து, முகத்தைத் தடவிப் பார்த்தார். "ஏன் என் மொகம் ஈரமா இருக்குது?"

"வெங்காயம்" என்றேன்.

அதைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பிரெஞ்சுக்காரன் அவருக்கு இன்னொரு தடவை சாக வேண்டும். நடாலியிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். மறைத்து மறைத்துத்தானே இங்கே வந்து நிற்கிறோம், சொல்லிவிட்டேன். அவள் அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "கண்ணாடியக் கழட்டச் சொல்லி நானும் அழுதேன்ல மா" என்றாள். "அப்பவே சொன்னேன், வாய் அசையுதுன்னு." அதற்குமேல் அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பட்டாளத்துக்குப் போய் வந்தவர் அப்படி நின்றால் வழிவிடாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் செல்போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் நீங்கள் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் நான் தாள் கிழிப்பதில்லை. காலை எட்டு, இரவு எட்டு, அவ்வளவுதான் எங்கள் பொழுது. என் உடம்பும் மாறிவிட்டது. எந்த வேலையில் இருந்தாலும் காது அவர் வாயையே கேட்டுக்கொண்டிருக்கிறது. யாராவது சட்டைப் பொத்தானைத் தொட்டால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

சாயங்காலம் ஆனால் கேட்பார். "கொஞ்சே இன்னும் எத்தினி நாளு பாக்கி?"

"இன்னிக்குக் காலைலதான வந்தீங்க. முப்பது நாளும் அப்பிடியே இருக்குது."

அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கி வருகிற மாதிரியே இருக்கும். "அப்ப ஞாயித்துக்கெழம பொண்ணுக்குப் புதுநன்ம" என்பார். "ஆமாங்க" என்பேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்குவார்.

நான் எழுந்துபோய் அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து வந்து போட்டுவிடுவேன். "தலை வலிக்குதாங்க?" என்று கேட்பேன்.

"ஆமா ரோஸ், வலிக்குது" என்பார். கேட்டால் சொல்கிறார். ஒவ்வொரு நாளும், கேட்டவுடனே சொல்லிவிடுகிறார்.