காலியாக இருந்த மூன்றாவது இருக்கை

நவம்பர் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதல் இடைவிடாத தூறல். காற்று அறவே இல்லை. மேகம் உயர்ந்த கட்டடங்களின் உச்சியை மறைக்கும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வசிக்கும் விமானிக்குப் ‘பட்டியல்’ என்று பெயர் சூட்டியவர் அவருடைய மனைவியேதான். வீட்டைப் பூட்டும்போதுகூட விமானி வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அந்த அம்மையார் உள்ளிருந்து விடை சொல்ல வேண்டும்.

“அடுப்பு?”

“அணைச்சாச்சு.”

“குழாய்?”

“மூடியாச்சு.”

“பின்கதவு?”

“பூட்டியாச்சு. என் வாயை மட்டும் இன்னும் பூட்டலை, அதையும் கேட்டுடுங்க.”

தெருவே சிரிக்கும் இப்பழக்கம் அவருடைய தொழிலின் உயிர்நாடி. விமானி அறையில் எதுவும் நினைவை நம்பிச் செய்யப்படுவதில்லை. துணை விமானி சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பார். தலைமை விமானி உரிய கருவியைக் கண்ணால் பார்த்து, அதன் பின்னரே விடை கூறுவார். பார்க்காமல் கூறும் விடை, சரியாகவே இருந்தாலும், தவறு. இருபத்தெட்டு ஆண்டுகளில் அத்தவற்றை அவர் ஒருமுறைதான் செய்தார். அது அந்தச் செவ்வாய்க்கிழமை நிகழ்ந்தது.

அன்று புறப்படுவதற்கு முன், ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை அணிந்து, கையில் டார்ச் விளக்குடன் விமானத்தை அவர் சுற்றி வந்தார். சக்கரங்களின் தேய்மானம், எஞ்சினின் விசிறித் தகடுகள், மூக்கின் ஓரத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் சிறு குழாய்கள் ஆகியவற்றைப் பார்த்து முடித்தபின் நிமிர்ந்து நோக்கினார். விமானி அறையின் கண்ணாடிக்குப் பின்னால் துணை விமானியின் தலை தெரிந்தது. அதற்குப் பின்னால், மங்கலாக, மற்றொரு தோளும் தெரிந்தது.

இரு விமானிகளின் இருக்கைகளுக்கும் பின்னால், மடக்கி வைக்கத்தக்க மூன்றாவது இருக்கை ஒன்று உண்டு. ஆய்வாளர் எவரேனும் வந்தால் அதில் அமர்வார். அன்று எவரும் வருவதாக இல்லை. அவர் மேலே ஏறிச் சென்றபோது அந்த இருக்கை மடங்கியே இருந்தது.

“பின்னாடி யாரு உக்காந்திருந்தது?” என்று கேட்டார்.

துணை விமானி பதினோராண்டு அனுபவமுள்ள பெண்மணி. ஓயாமல் பேசுவதால் ‘ரேடியோ’ என்று அழைக்கப்படுபவர். “யாருமில்லையே சார். நான் மட்டும்தான். ஒத்தை ஆளா நான் பேசுறதே பத்தலையா உங்களுக்கு?” என்றார்.

கண்ணாடியில் வழிந்த மழைநீரின் மாயமாக இருக்கலாம் என்று எண்ணி, விமானி தம் இருக்கையில் அமர்ந்தார்.

ஒன்றேகால் மணி நேரப் பயணம். உயரே பறக்கும்போது விமானத்தின் உயரமானி ஒரு பொதுவான காற்றழுத்த எண்ணில் வைக்கப்பட்டிருக்கும். இறங்கும்போது அந்த ஊரின் அன்றைய காற்றழுத்தத்துக்கு அதை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கருவி பொய்யான உயரத்தைக் காட்டும். அன்று கட்டுப்பாட்டுக் கோபுரம் தந்த எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. ரேடியோ அதைத் தாளில் எழுதி இருவருக்கும் நடுவே செருகினார். அந்நேரத்தில் ஓடுபாதையை மாற்றுமாறு கோபுரம் பணித்தது. மறுமுனையில் இறங்குவோருக்கு வழிகாட்டும் கதிர்க் கருவி பழுதாகியிருந்ததால், உயரமானியை மட்டுமே நம்பி இறங்க வேண்டும். அவசர வேலைகள் குவிந்தன. பட்டியல் வழக்கத்தைவிடத் தாமதமாகவே படிக்கப்பட்டது.

“ஆல்டிமீட்டர்?”

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. சரி.”

“இங்கேயும் சரி.”

சாளரத்துக்கு வெளியே வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்போது விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கைப் பட்டை மாட்டப்படும் ‘க்ளிக்’ என்ற ஓசை கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு குரல், சிறிதும் பதற்றமின்றி, “பாக்கலையே” என்றது.

அது அவருடைய சொந்தக் குரல்.

அவர் திரும்பினார். இருக்கை மடங்கியிருந்தது. மீண்டும் முன்புறம் திரும்பியபோதுதான் உயரமானியை உண்மையில் பார்த்தார். அதில் பழைய எண்ணே இருந்தது. ரேடியோவின் கருவியிலும் அவ்வாறே. இருவரும் தாளைப் பார்த்து விடை கூறியிருந்தனர். அவர் திருகைச் சுழற்றி எண்ணை மாற்றியதும் கருவி காட்டிய உயரம் ஒரே மூச்சில் நானூறு அடிக்குமேல் சரிந்தது.

“மேலே போறோம்!” என்று கூறி எஞ்சின்களின் விசையைக் கூட்டினார். விமானம் மூக்கை உயர்த்தியது. கீழே மேகத்தின் கிழிசல் ஒன்றில், மிக அருகில், ஒரு வீட்டு மாடி தெரிந்து மறைந்தது. நனைந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, அண்ணாந்து பார்த்தவாறு அசையாமல் நின்றிருந்தாள்.

இரண்டாம் முறை விமானம் பழுதின்றித் தரையிறங்கியது. ரேடியோ நடுவே செருகியிருந்த தாளை உருவி மடித்தார். பிறகு, “திடீர்னு ஏன் சார் திரும்பினீங்க?” என்றார்.

“உனக்கு ஒண்ணும் கேக்கலையா?”

“இல்லையே சார்.”

நடந்த தவற்றை இருவரும் அன்றே எழுதிக் கொடுத்தனர். நான்காம் நாள் பாதுகாப்பு அலுவலகத்தில் விமானத்தின் ஒலிப்பதிவு போட்டுக் காட்டப்பட்டது. ஒவ்வோர் இருக்கையின் ஒலிவாங்கிக்கும் தனித்தனித் தடம் உண்டு. மூன்றாவது இருக்கையின் தடத்தில் வெறும் இரைச்சலே ஓடியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அப்போது அந்த இரைச்சலின் நடுவே, பட்டப்பகலில், மூவர் அமர்ந்திருந்த அறையில், விமானியின் காதுக்கு மட்டும் அது மீண்டும் தெளிவாகக் கேட்டது: “பாக்கலையே.”

“பாத்தீங்களா கேப்டன், இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் சத்தம்” என்று அதிகாரி பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

எச்சரிக்கையுடனும் ஒரு வாரப் பயிற்சியுடனும் அந்த விவகாரம் முடிந்தது. குரல் முடியவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் முதலில் ‘க்ளிக்’ என்ற ஓசை, பிறகு குரல். டிசம்பர் இறுதியில் அது மாறியது. ரேடியோ பட்டியலைப் படித்தவுடன், அவர் கருவியின் பக்கம் கண்ணைத் திருப்பும் முன்பே, அது “பாத்தாச்சு” என்று கூறத் தொடங்கியது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை விமானிகளுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அவருடைய முறை ஜனவரியில் வந்தது. குரலைப் பற்றி வாய் திறந்தால் உரிமம் அன்றே முடக்கப்படும். ஐம்பத்து நான்கு வயதில் அது திரும்பக் கிடைப்பது அரிது. வேறு தொழில் எதையும் அவர் கற்றதில்லை. பரிசோதனைக்கு முந்தைய மாலை மனைவியிடம் அனைத்தையும் கூறினார்.

அம்மையார் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். நாக்கு என்ன சுளுக்கிக்கவா போகுது? அத்தனை பேர் உசிரையும் காப்பாத்தின குரலைப் போய்க் காட்டிக் கொடுப்பாங்களா?”

“அன்னைக்குப் பாக்கலைன்னு சொல்லுச்சு. இப்போ பாத்தாச்சுன்னு சொல்லுது. என் குரல்லயே சொல்லுது. நேத்து நான் நெஜமாவே பாத்தேனா, இல்லை அது சொன்னதைக் கேட்டு விட்டுட்டேனான்னு எனக்கே தெரியலை.”

கத்தி நின்றது. “என்னங்க,” என்று தொடங்கிய அம்மையார், கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, “சாப்பிட வாங்க” என்று மட்டும் கூறினார்.

மறுநாள் காலை, மருத்துவர் அவருடைய கண்ணையும் காதையும் இதயத்தையும் சோதித்து முடித்துப் படிவத்தை எடுத்தார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். கேள்விகளை மூச்சு விடாமல் படித்தார்.

“மயக்கம்?”

“இல்லை.”

“வலிப்பு?”

“இல்லை.”

“தூக்கக் கோளாறு?”

“இல்லை.”

விடை வரும் முன்பே மருத்துவரின் பேனா ‘இல்லை’ என்ற கட்டங்களில் குறியிட்டுக்கொண்டு கீழே இறங்கியது. அறையின் மூலையில், விமானியின் முதுகுக்குப் பின்னால், காலி நாற்காலி ஒன்று கிடந்தது. அங்கிருந்து ‘க்ளிக்’ என்ற ஓசை எழுந்தது.

“வேற யாருக்கும் கேக்காத குரல் ஏதாவது கேக்குதா?”

“இல்லை” என்றது மூலையிலிருந்த குரல், அவருடைய குரலிலேயே.

பேனா குறியிடத் தாழ்ந்தது. விமானி கையை நீட்டி அதைத் தடுத்தார். மருத்துவர் நிமிர்ந்தார்.

“என்ன கேப்டன்? ஏதாவது கேக்குதா?”

“கேக்குது, டாக்டர்.”