லீக்தான் பெரிது என்றவள்

பல வாரம் பாடுபட்டுப் பெற்ற பட்டத்தை மறந்துவிட்டு, ஒரு சனி ஞாயிறில் கைக்கு வந்த கோப்பையை மனிதர்கள் ஏன் ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்கள்? நடீன் ஹுடாக்கை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவளுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது.

ஒஹாயோவின் ஒரு சிற்றூரில், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. மாலையில் ஊர் கால்பந்துக் கிளப்பில் பதினான்கு வயதுப் பெண்களுக்குப் பயிற்சியாளர். மேதை என்று சொல்ல முடியாது, பிடிவாதக்காரி. அவள் அணிகள் பல வாரம் நடக்கும் லீக்கில் அடிக்கடி முதலிடம் பிடித்தன. சனி ஞாயிறில் முடிந்துவிடும் டோர்னமென்ட்டுகளிலோ பெரும்பாலும் சனிக்கிழமையே தோற்று வீடு திரும்பின.

"லீக்ல ஜெயிச்சா நீ யாருன்னு தெரியும். டோர்னமென்ட்ல ஜெயிச்சா அன்னைக்கு உனக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும்" என்பாள்.

ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில், முன்பு அவள் அணியில் ஆடிய பிரிஜிட், இடுப்பில் குழந்தையோடு அவளை மறித்தாள்.

"கோச், டேட்டன் டோர்னமென்ட் ஞாபகம் இருக்கா? பெனால்டில ஜெயிச்சோமே! அவங்க கோல்கீப்பர் பச்சை சாக்ஸ் போட்டிருந்தா."

"அந்த வருஷம் லீக்கும் ஜெயிச்சோம்."

"அப்படியா?" பிரிஜிட் உண்மையாகவே யோசித்தாள். "நானும் இருந்தேனா?"

"எல்லா மேட்ச்லயும் இருந்த. எல்லாத்துக்கும் லேட்டா வந்த."

சிரித்துவிட்டு நகர்ந்தாலும் நடீனுக்கு உள்ளே எரிந்தது. அந்த லீக் பட்டம் எப்படி வந்தது என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடைசி ஆட்டம் டிரா. எல்லாம் போயிற்று என்று பெண்கள் ஆளுக்கொரு காரில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். மாலையில் வேறெங்கோ ஒரு மைதானத்தில் போட்டி அணி தோற்க, பட்டம் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தது. பதக்கங்கள் பனி கொட்டும் காலத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் வந்தன. பள்ளி உணவுக்கூடத்தில் வைத்துக் கொடுத்தபோது இரண்டு பெண்கள் வேறு கிளப்புக்கே போய்விட்டிருந்தார்கள்.

டேட்டனில் அப்படி இல்லை. முழங்கால் சேறு காயுமுன் கழுத்தில் பதக்கம் விழுந்தது. பெற்றோர் வேன் கண்ணாடிகளில் வெள்ளை ஷூ பாலிஷால் 'சாம்பியன்கள்' என்று எழுதி, ஊர் வரும்வரை ஹாரன் அடித்தார்கள். வெற்றி மனதில் தங்க அதற்கென்று ஓர் இடமும் ஒரு வேளையும் தேவைப்படுகிறது. லீக் பட்டத்துக்கு இரண்டும் கிடையாது. நடீன் இதை அறிவாள். ஆனால் மறந்துபோவதால் ஒன்று சிறியதாகிவிடாது என்பது அவள் கட்சி. அதிலிருந்து அவள் இறங்கியதே இல்லை.

பிறகு அந்த மே மாதம் வந்தது. மழையால் நின்றுபோன கடைசி லீக் ஆட்டத்துக்கு அவளே மறுதேதி குறித்தாள்: டோர்னமென்ட் நடக்கும் அதே ஞாயிறு, மாலை நான்கு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எதிரணியின் மைதானம். எப்படியும் சனிக்கிழமையே தோற்றுவிடுவோம் என்ற நம்பிக்கை. பெண்கள் தோற்கவில்லை. ஞாயிறு ஒரு மணிக்கு இறுதி ஆட்டம். ஆட்டம் தொடங்குமுன் மின்னல் வெட்டியது. கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை எல்லோரும் காருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இன்னோர் இடி இடித்தால் அரை மணி மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணி தாண்டியும் இடித்துக்கொண்டிருந்தது.

கிளப் தலைவர் கோர்டன் போன் செய்தார். வேனின் ஸ்பீக்கரில் அவர் குரல் பின் இருக்கைப் பெண்களுக்கும் கேட்டது.

"நடீன், இப்ப கிளம்பினா போய்ச் சேர்ந்துடலாம். ஒரு டிரா போதும். அவங்க இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல."

"தெரியும். பாயிண்ட் டேபிளை நானும்தான் பாக்குறேன்."

"போகலன்னா லீக்ல நாம தோத்ததா எழுதிடுவாங்க. பட்டம் போச்சு, அடுத்த வருஷம் மேல் டிவிஷனுக்குப் போறதும் போச்சு. டோர்னமென்ட்னா கப்பும் ஐஸ்கிரீமும்னு நீதானே சொல்லுவ?"

"நான்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன? கிளம்பு. இல்லன்னா அடுத்த வருஷம் இந்த டீம் உன்கிட்ட இருக்காது."

"மழை சத்தத்துல கேக்கல, கோர்டன். திரும்பச் சொல்லு."

அவர் கத்திச் சொன்னார்.

"இப்பக் கேட்டுச்சு" என்று போனை வைத்தாள்.

"இன்னொரு தடவை இடிச்சா போயிடலாம், இடிக்கலன்னா இருக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"இடியா இங்க கோச்?" என்றாள் நடீன்.

கேப்டன் மரிசோல் முன்னால் சாய்ந்தாள். "போகச் சொன்னா போறோம் கோச். ஆனா எங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

நடீன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டாள். "ஷூ லேஸ் கட்டுங்க" என்றாள்.

இறுதி ஆட்டத்தை ஒரு கோலில் ஜெயித்தார்கள். லீக் பட்டம் பக்கத்து ஊருக்குப் போனது. கோர்டன் சொன்னபடியே அணியும் வேறு கைக்குப் போனது. நடீன் ஏழு வயதுக் குழந்தைகளின் அணியை எடுத்துக்கொண்டு, லீக்தான் பெரிது என்று அதே சூட்டோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஏன் கிளம்பவில்லை என்று பலர் கேட்டார்கள். அதற்கு மட்டும் அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.