மருத்துவர் சொன்னதாக நான் சொன்னது

என் மகளுக்கு மருத்துவர் சொன்ன வைத்தியத்தை நான் மறைத்தேன். மறைத்தது மட்டுமன்று, அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவும் கூறினேன். இதைப் படிக்கும் நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் திருத்தணியில் கல்யாணச் சமையல் செய்து பிழைத்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. எஞ்சியதை நூலகத்துப் புத்தகங்களில் தேடிக்கொண்டேன். மலையடிவாரத்து மண்டபங்களில் எத்தனை பந்தி நடந்தாலும், கடைசி இலை எடுக்கும்வரை என் வாயில் ஒரு பருக்கை படாது. உப்பைக்கூட நாவில் வைத்துப் பார்த்ததில்லை. ஆவியின் மணத்தில் அறிவேன். அந்தக் கட்டுப்பாட்டை என் உயர்குணம் என்று எண்ணியிருந்தேன். அது வெறும் தொழிற்பழக்கம்... அவ்வளவே.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் ஒரே மகள் சரளாவுக்கு வயது பதினான்கு. ஒரு முகூர்த்த நாளில், மண்டபத்துச் சாமான் அறைக்குள் தேங்காய் எடுக்கப் போனேன். தாம்பூலப் பைகளில் போட வைத்திருந்த லட்டுத் தாம்பாளத்தின் முன் அவள் அமர்ந்திருந்தாள். ஒன்றை விழுங்கும் முன் கை அடுத்ததை எடுத்தது. கண்களில் நீர் வழிந்தது. என்னைப் பார்த்தாள்; அப்போதும் கை நிற்கவில்லை!

நிறுத்த விரும்பிய முகத்தையும் நிற்காத கையையும் ஒருசேரக் கண்டவன் நான். கண்டும், திமிர் என்றே தீர்ப்பு எழுதினேன்.

என் பின்னால் வந்து நின்ற காய் நறுக்கும் கன்னியம்மாள், "இன்னா மாஸ்டர், மாப்ள வூட்டுக்காரங்க இன்னும் மூஞ்சே கழுவல, உன் பொண்ணு பந்திய முடிச்சிகினு இருக்குது!" என்றாள். அடுப்படி முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாளே என் வைத்தியம் தொடங்கியது. கிருத்திகைதோறும் விரதம். மாதத்துக்கு ஒரு நாள் போதாதென்று சஷ்டியைச் சேர்த்தேன். பிறகு வெள்ளியையும் செவ்வாயையும் சேர்த்தேன். சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத என் மனைவி இந்திராணி மட்டும் எதிர்த்தாள்.

"வளர்ற புள்ளய்யா. பசியில போட்டு வச்சிகினு இருந்தா, வெறி புடிச்சி துன்னாம இன்னா பண்ணும்?"

"உனக்கு இன்னா தெரியும்? பந்தி முடியற வரைக்கும் நான் துன்னாம இருக்கறன் இல்ல?"

"நீ இருப்ப. உனக்கு மீசை கூடத்தான் இருக்குது. அவளுக்கு வருமா?"

விரதத்துக்கு மறுநாள்களில் சரளா அளவின்றித் தின்றாள். அடுத்த வீட்டில் பழைய சோறு கேட்டுத் தின்றாள். ஆட்டுவதற்கு ஊறவைத்த அரிசியை அள்ளித் தின்றாள். பிறகு கொல்லைப்புறத்தில் அமர்ந்து அழுதாள். உடல் பெருத்தது, நான் விரதத்தைக் கூட்டினேன். ஒரு நாள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். ஆசிரியை வற்புறுத்தியதால், சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்கு அவளை ரயிலில் அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் இளம்பெண். சரளாவைத் தனியே நெடுநேரம் பேசவிட்டுக் கேட்டார். வைத்தியத்தை அப்பாவிடம் சொல்கிறேன் என்று அவளை வெளியே அமர்த்திவிட்டு என்னை அழைத்தார். என் தொழிலை விசாரித்தார்.

"கடைசிப் பந்தியில உக்கார்றவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?"

"பறப்பாங்கம்மா. அதுக்குன்னே அரிசி கூடப் போடுவேன்."

"உங்க பொண்ண தினமும் கடைசிப் பந்தியில உக்கார வச்சிருக்கீங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். அடக்கமுடியாமல் உண்பது பேராசையன்று, திமிருமன்று. அது ஒரு நோய், குணமாகக் கூடியது. விரதம் வேண்டாம், பூட்டு வேண்டாம். வேளை தவறாமல் உணவு கொடுங்கள். உடன் அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். அவள் உடம்பைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எந்த மனநிலையில் கை உணவை நோக்கிப் போகிறது என்பதை அவளே அறிந்துகொள்ள நாங்கள் உதவுகிறோம். வாரம் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்று ஒரு சீட்டும் எழுதித் தந்தார்.

"திட்டு வாங்கினா இன்னும் சாப்பிடத்தான் தோணுதாம். அவளே சொன்னா" என்றார் இறுதியாக.

எனக்குப் புரிந்தது! அரிசி கூடப் போடுகிறவனுக்கா புரியாது? அறியாமல் செய்த பிழை என்று நீங்கள் என்னை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

திரும்பும் ரயிலில் சரளா கேட்டாள்: "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க நைனா?"

அந்த முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு தெளிவு இருந்தது. நான் அரக்கோணம் வரை யோசித்தேன். என்ன யோசித்தேன்? மகளைப் பற்றியா? இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாத மனைவி சொன்னதையே படித்த மருத்துவரும் சொல்லிவிட்டாரே என்று யோசித்தேன். வீட்டில் நுழைந்ததும் இந்திராணியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன். இத்தனை சிறிய காரணம்தான்... இதைவிடப் பெரிது ஒன்றுமில்லை.

"பட்டினிதான் மருந்தாம். விரதத்த வுடாத இருக்கச் சொன்னாங்க" என்றேன்.

"அந்த டாக்டரம்மாவா சொன்னாங்க?"

"ஆமா."

தன்னிடம் அத்தனை கனிவாகக் கேட்டவர் அப்படிச் சொன்னாரென்று அவள் நம்ப வேண்டியிருந்தது. நம்பினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சீட்டை நான் வழியிலேயே கிழித்துப் போட்டேன். அவள் அதன்பின் எந்த மருத்துவரிடமும் போகக் கேட்கவில்லை.

பட்டினியும் பெருந்தீனியுமாக ஆண்டுகள் போயின. பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் குடும்பத்தில் அவளைக் கொடுத்தேன். இந்திராணி உண்மை தெரியாமலே இறந்தாள். கடைசிவரை, மருத்துவர் சொல்லுக்கு முன் தன் சொல் தவறென்றே எண்ணியிருந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு கிருத்திகை. மலையேறி இறங்கிய சரளா, தன் பதினொரு வயது மகளோடு என் வீட்டுக்கு வந்தாள். எனக்குச் சோறு போட்டாள். குழந்தைக்குத் தட்டு வைக்கவில்லை.

"அதுக்கு இன்னிக்கி ஒண்ணும் கெடையாது நைனா. நேத்து மூணு ஆள் சோத்த துன்னுட்டு, கதவ சாத்திகினு அழுவுது. எங்கிருந்து வந்துச்சி? என்கிட்டருந்துதானே?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அன்னிக்கே டாக்டரம்மா மருந்து சொன்னாங்க. ஒழுங்கா இருக்க எனக்குத்தான் துப்பில்ல. இவளையாவது சின்னதுலயே புடிச்சி நிறுத்திடணும். பட்டினிதான்னு சொன்னாங்க இல்ல நைனா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அப்போது என்னைத் தடுக்க இந்திராணியின் முகமும் இல்லை. வெட்கப்பட அருகில் ஊராரும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னையே பழித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்ப்பாள்!

"ஆங்" என்றேன்.

அதன்பின் எத்தனையோ கிருத்திகைகள் வந்து போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வருகிறார்கள். சரளா எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போகிறாள். குழந்தை என் எதிரே வந்து அமர்ந்து, நான் ஒன்றும் கேட்காதபோதே சொல்கிறது: "எனக்குப் பசிக்கல தாத்தா."