வலப்பக்கக் கள்ளன்

எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் சிலுவைகள் மூன்று, மைக் ஒன்று. நடுச் சிலுவையின் உச்சியிலிருந்து அது தொங்கும். இடப்பக்கக் கள்ளனாக வருடாவருடம் நடித்த தையல்காரருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. அவர் இயேசுவை ஏசினால் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் கேட்கும். வலப்பக்கக் கள்ளன், அதாவது கடைசி நேரத்தில் மனம் திரும்பிய நல்ல கள்ளன், தன் வசனம் வரும்போது கழுத்தை நீட்டி மைக்கை எட்ட வேண்டும். மேடை சிறியது; எட்டிவிடலாம்.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், நாற்பது கிறிஸ்தவ வீடுகள், ஊர்ப் பேச்சில் வேதக்கார வீடுகள், இருந்த ஊர் அது. பெரிய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி நாடகத்துக்குச் சுற்றுவட்டார விவசாயிகளும் குடும்பத்தோடு வருவார்கள். யார் வீட்டுச் சாவானாலும் போய் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சிலுவைகளைச் செய்துகொடுத்தது நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறை. பழைய பலகைகள். வலப்பக்கச் சிலுவையின் பின்புறம் சாயம் உரிந்து, 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்து தெரியும்.

இயேசு வேடம் என் சித்தப்பாவுடையது. நல்ல உயரம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்தே முடியும் தாடியும் வளர்ப்பார். இடையில் இரண்டு வருடம் அவர் அந்த வேடம் போடவில்லை. சிறையில் இருந்தார்.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் அவரும் என் அம்மாவின் தம்பியான மாமாவும் டிரைவர்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு விடியற்காலை மாமா ஓட்டிக்கொண்டிருக்க, சித்தப்பா பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த ஒரு பையன்மீது வண்டி ஏறிவிட்டது. மாமா இறங்கிச் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டார். ஜனங்கள் வந்தபோது வண்டியில் இருந்தவர் சித்தப்பா. சட்டைப்பையில் லைசென்ஸும் இருந்தது. ஓட்டியது வேறு ஆள் என்றார். அந்த ஆளைக் காட்டச் சொன்னார்கள். காட்ட ஆள் இல்லை.

அவர் விடுதலையாகி வரும் தேதி கடிதத்தில் வந்தது. அப்பா மாலையோடு சேலம் ஜங்ஷனுக்குப் போனார். சித்தி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சித்தப்பா வரவில்லை. அப்பா மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். குழம்பு கெட்டுப்போய் வாசலில் ஊற்றினார்கள். நான்காம் நாள் மத்தியானம் டவுன் பஸ்ஸிலிருந்து சித்தப்பா இறங்கி வந்தார். வண்டி மாறி ஏறிவிட்டேன் என்றார். இந்தியாவையே ரிக் வண்டியில் சுற்றியவர் ரயிலில் வழி தவறிவிட்டார் என்று வீட்டில் ஒரு மாதம் சிரித்தோம்.

அதற்கு அடுத்த தவக்காலத்தில் மாமா ஊருக்கு வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. இத்தனை நாளும் கர்நாடகத்துப் பக்கம் இருந்தாராம். மெலிந்திருந்தார். வந்த முதல் சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முக்கால் மணி நேரம் முழங்காலில் நின்றார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள், தங்கள் சின்னப் பாவங்களை வைத்துக்கொண்டு, கடிகாரம் பார்த்தார்கள். வெளியே வந்தவர் மாதா சுரூபத்தின் முன் அமர்ந்து ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை ஒன்றை முழுக்கச் சொன்னார். அதுதான் சாமியார் கொடுத்த அபராதம் என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சித்தி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவிடம் கேட்டாள்.

"ஒரு உசுருக்கு அம்பத்திமூணு மணி உருட்டுனாப் போச்சு. எங்கூட்டுக்காரரு உள்ள இருந்ததுக்கு எத்தன மணீங்க அக்கா?"

அம்மா உள்ளே போனாள். தம்பிக்குச் சோறு போட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், கடவுள் மன்னித்துவிட்டால் பாவம் சிலேட்டில் ஈரத்துணி போட்டுத் துடைத்ததுபோல என்று சொல்லியிருந்தார். மாமாவின் சிலேட்டு சுத்தமாகிவிட்டது, சித்திக்கு மட்டும் அதில் எழுத்து தெரிகிறது என்பது எனக்குப் புரியாத விஷயமாக இருந்தது. கேட்டதற்கு அப்பா, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு என்றார்.

அந்த வருடம், வழக்கமான நல்ல கள்ளன் ரிக்கோடு ராஜஸ்தான் போய்விட்டார். பங்குச் சாமியார் அந்த வேடத்தை மாமாவுக்குக் கொடுத்தார். சித்தப்பாவைக் கூப்பிட்டு ஆட்சேபணை உண்டா என்று கேட்டாராம். வேஷந்தானுங்க சாமி, போடட்டும் என்று சித்தப்பா சொன்னாராம். ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கள்ளனுக்குக் கள்ளன் வேடம் பொருத்தம்தான் என்று சொல்லிக்கொண்டு தையல்காரர் மட்டும் இரண்டு கட்சியிலும் இருந்தார்.

நல்ல கள்ளன் தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்பான். இன்றைக்கே என்னோடு மோட்சத்தில் இருப்பாய் என்று இயேசு அவனுக்கு வாக்குக் கொடுப்பார். எல்லாருக்கும் தெரிந்த அந்த ஒரு வரியில்தான் சிக்கல். சித்தி சித்தப்பாவிடம் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது.

"அவன் மூஞ்சியப் பாத்து அந்த வசனத்தச் சொல்லிப்போட்டு வந்து இந்த ஊட்டுல சோறு கேக்காதீங்க."

ஒத்திகையில் சித்தப்பா ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு முன் நிறுத்திவிடுவார். அது அன்னைக்குச் சொல்லிக்கலாம் என்று தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மாமா கயிற்றை அவிழ்க்கச் சொல்லாமல் சிலுவையிலேயே சிறிது நேரம் நிற்பார்.

நான் அழும் எருசலேம் பெண்களில் ஒருத்தி. அழுகை வருவதற்காகக் கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவிக்கொள்வோம். அன்று அதிகம் தடவிவிட்டேன். நடுச் சிலுவையின் அடியில் உட்கார்ந்து, கண்ணைத் திறக்க முடியாமல், காதால்தான் நாடகம் பார்த்தேன். ஆனால் ஒரு வார்த்தையும் தவறவிடவில்லை.

தையல்காரர் ஏசி முடித்தார். விவசாயிகள் பக்கமிருந்து கைதட்டல் வந்தது. பிறகு மாமாவின் முறை. இடப்பக்கத்தானைக் கண்டிக்கும் வசனம்: நாம் செய்ததற்கு நாம் அனுபவிக்கிறோம், இந்த மனிதர் ஒரு தப்பும் செய்யாதவர் என்று. கழுத்தை நீட்டி மைக்கில் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கூட்டத்தில் முறுக்கு கடிக்கும் சத்தம்கூட நின்றது. அந்த வசனம் எழுதப்பட்டதா, அவராகச் சொல்கிறாரா என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை. தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்டு முடித்தார்.

சித்தப்பா பேசவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து சாமியார் வசனத்தை எடுத்துக்கொடுத்தார். இரண்டாம் முறை சத்தமாக எடுத்துக்கொடுத்தார். அது முன்வரிசைக்கும் கேட்டது. அப்போதுதான் சித்தப்பா மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, தாழ்ந்த குரலில், சாதாரணமாகப் பேசுவதுபோலக் கேட்டார்.

"அந்தப் பையனூட்டுக்குப் போனியா மாப்ள?"

"இல்லீங்க மச்சான்."

"ஏன்?"

"பயமா இருக்குதுங்க."

கயிறு பலகையில் உராயும் சத்தம் கேட்டது.

"நான் கூட வாரேன்" என்றார் சித்தப்பா.

பிறகு மைக்குக்குத் திரும்பி, எழுதியிருந்தபடியே, ஒரு சொல் குறையாமல் அந்த வரியைச் சொன்னார்.

நாடகம் முடிந்து கோயில் வாசலில் கஞ்சி ஊற்றியபோது, ஆண்டவரே வசனத்தை மறந்துவிட்டால் நாங்கள் என்ன ஆவது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். மறந்துபோச்சுங்க என்று சித்தப்பா சிரித்தார். அவர் பொய் சொல்கிறார் என்பதைக் கண்டுபிடித்த பெருமையோடு நான் சித்தியிடம் ஓடிப்போய், சிலுவையடியில் கேட்டதை அப்படியே சொன்னேன். சித்தி கேட்டுக்கொண்டே முந்தானையால் என் கண் தைலத்தைத் துடைத்தாள். எரிந்த கண்ணில் இன்னும் எரியும்படி அழுத்தித் துடைத்தாள்.

ஈஸ்டருக்கு அடுத்த நாள் சித்தப்பாவும் மாமாவும் புறப்பட்டார்கள். சித்தி புளிச்சோறு கட்டினாள். மாமாவிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை; அன்றும் பேசவில்லை. ஆனால் பொட்டலம் இரண்டு இருந்ததை நான் எண்ணினேன்.

பாஷை தெரியாத ஊரில் அந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குக் கவலை. மாமா அன்றைக்கு ஓடினவர், வீட்டைப் பார்த்திருக்க மாட்டார். சித்தப்பாவிடமே கேட்டேன்.

"எனக்கு வழி தெரியும் கண்ணு" என்றார்.

டிரைவர்களுக்கு எல்லா வழியும் தெரியும் என்று நான் திருப்தியடைந்தேன்.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். நடந்ததை மாமா அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பையனின் தாய் சித்தப்பாவைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டுக் கட்டில் போட்டு உட்காரவைத்தாளாம். மாமா சொல்ல வேண்டியதைச் சித்தப்பா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாராம். அதன் பிறகு அவள் மாமாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லையாம். அன்று பொழுது சாயும்வரை மாமா வாசல் வேப்பமரத்தடியில் நின்றாராம். கிளம்பும்போது ஒரு சொம்பு தண்ணீரை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாளாம். மாமா அதன் பிறகு வருடம் ஒருமுறை அங்கே போய் வந்தார். கதவு திறந்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பையனைக் கொன்றது மாமா. சிறைக்குப் போனது சித்தப்பா. கட்டில் கிடைத்தது சித்தப்பாவுக்கு. கணக்கு ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று பத்து வயதில் எனக்குத் தோன்றியது. முதல் முறை வருகிறவருக்கு யாரும் பார்த்ததும் கட்டில் போட மாட்டார்கள் என்பது தோன்றவில்லை. சேலம் ஜங்ஷனில் அப்பா வாடிய மாலையோடு வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாட்கள் சித்தப்பா எங்கே இருந்தார் என்று கேட்கவும் தோன்றவில்லை.